எலி தும்முதுண்ணா!

ராத்திரி 11.30 மணி. மறுநாள் காலையில ஹீட் டிரான்ஸ்ஃபர் மாடல் எக்ஸாம். புத்தகத்தை நெஞ்சு மேல விரிச்சு வெச்சுக்கிட்டு நான் ரொம்ப சின்சியரா தூங்கிட்டு இருந்தேன். டொக் டொக்னு கதவைத் தட்டினான் டிரிபிள்-ஈ ஜூனியர் ஒருத்தன்.

''அண்ணா... நீங்க நாமக்கல்தானே?''

''ஆமா. அதுக்கென்ன இப்போ? ஆம்லெட் வேணுமா?''

''இல்லண்ணா... எலி தும்முதுண்ணா!''

நாமக்கல்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு மூணு விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆஞ்சநேயர், லாரி, முட்டை. கோழி ஊர்ல பொறந்தவன் சகல ஜீவராசிக்கும் வைத்தியம் தெரிஞ்சவன்னு ஒருத்தன் நம்பினதை அன்னிக்குத்தான் பார்த்தேன். கலாய்க்கலாம்னு வாயைத் திறந்தேன். பையன் கண்ணுல தண்ணி. சரின்னு லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அவன் ரூமுக்குப் போனேன்.

நம்ம ஹாஸ்டல்ல எலிக்கா பஞ்சம்? மெஸ்ஸுக்குப் பின்னாடி போனா ஃப்ரீயாவே கிடைக்கும். ஆனா இவன் சேலத்துல காசு கொடுத்து வாங்கியிருக்கான். வெள்ளை எலி ரெண்டு. பேரு ஆம்பியர், வோல்ட். ஆறு மாசமா வார்டன் கண்ணுல படாம ஷெல்ஃபுக்குள்ள, துணிக்குப் பின்னாடி குடித்தனம். போன மாசம் வேற ஒரு கடையில இன்னொண்ணைப் பார்த்திருக்கான். மனசு கேக்கல. அதையும் வாங்கிட்டு வந்து 'ஓம்'னு பேர் வெச்சு, நேரா அதே கூண்டுக்குள்ள விட்டுட்டான். (சர்க்யூட்டை முழுசாக்கிட்டானாம்!) ரெண்டு வாரம் கழிச்சு ஆம்பியர் தும்ம ஆரம்பிச்சுது.

செல்போன் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஆம்பியர் முடி சிலுப்பிக்கிட்டு ஒரு மூலையில கூனி உட்கார்ந்திருந்துச்சு. மூக்கைச் சுத்தி, கண்ணு ஓரத்துல செவப்பா கறை. ''ரத்தம்ணா''ன்னு தழுதழுத்தான். காதைக் கொண்டு போய் கூண்டுகிட்ட வெச்சேன். ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே 'டிக்... டிக்...'னு ஒரு சின்ன சத்தம்.

தூக்கம் சுத்தமாப் போயிடுச்சு. ஏன்னா, இதே மாதிரி ஒரு சத்தத்தை நான் மூணு வருஷத்துக்கு முன்னாடி கேட்டிருக்கேன். கேட்டது எங்க அம்மாயியோட கோழிக் கூண்டுல. அதுக்குக் காரணமான புண்ணியவான் நானேதான்!

அம்மாயி ஊரு ராசிபுரத்துல இருந்து கொல்லிமலை அடிவாரம் போற பக்கம். வீட்டுக்குப் பின்னாடி கல்லுக்கால் நட்டு ஓடு போட்ட சின்னக் கூண்டு. 23 நாட்டுக்கோழி. முட்டை வித்த காசு வெத்தலைக்கு. குஞ்சு வித்த காசு சீட்டுக்கு. மகன்கிட்டயும் கேக்காது, மருமகன்கிட்டயும் கேக்காது. அதுதான் அம்மாயியோட சுதந்திரம்.

ப்ளஸ் டூ முடிச்ச லீவுல ஒரு மாசம் முட்டை குடோன்ல அட்டை அடுக்குற வேலைக்குப் போனேன். முதல் சம்பளம். பெருமை தாங்கல. சந்தைக்குப் போய் அம்மாயிக்கு ஒரு செவலைச் சேவல் வாங்கினேன். கொண்டையும் வாலும் பார்த்தா ஹீரோ என்ட்ரி மாதிரி இருக்கும். கொண்டு வந்து கூண்டுல விட்டேன். அம்மாயி வாயெல்லாம் பல்லு.

மூணாவது வாரம் அம்மாயி போன் பண்ணுச்சு. ''ஏங்கண்ணு, ராத்திரி ஆனா கோழியெல்லாம் கொறட்டை வுடுதுடா.''

போய்ப் பார்த்தா... ஒண்ணு தலையை உதறுது. ஒண்ணுக்குக் கண்ணுல நுரை. இன்னொண்ணுக்கு ஒரு பக்கக் கன்னம் மட்டும் போண்டா மாதிரி வீங்கியிருக்கு. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குது. முட்டை பாதியாக் குறைஞ்சு போச்சு. எங்க ஹீரோ சேவலுக்கு மட்டும் ஒண்ணுமே இல்ல. விடியக்காலைல 4.30-க்கு கூரை மேல ஏறி நின்னு கம்பீரமா கூவுறாரு!

அம்மாயி சின்ன வெங்காயம், மஞ்சள், மிளகு எல்லாம் தட்டி உருண்டை பிடிச்சுக் கொடுத்துச்சு. நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப வாங்கி மிச்சம் வெச்சிருந்த அமாக்ஸிசிலின் மாத்திரையைப் பொடி பண்ணித் தண்ணியில கலந்து வெச்சேன். அஞ்சு நாள் ஆச்சு. ஒரு மாற்றமும் இல்ல. அது ஏன்னு பின்னாடி சொல்றேன்.

கடைசியில ரெண்டு கோழியைக் கூடையில போட்டுக்கிட்டு பக்கத்துல இருக்கிற கால்நடை மருந்தகத்துக்குப் போனோம். அம்மாயிக்கு ஒரே பயம், ''வெள்ளைக் கழிச்சலுங்களா டாக்டரு?''

வெள்ளைக் கழிச்சல்னா உங்களுக்குத் தெரிஞ்ச பேருல ராணிக்கெட். வைரஸ் நோய். 1926-ல இங்கிலாந்துல நியூகாசில் பக்கம் கண்டுபிடிச்சாங்க. அடுத்த ஓரிரு வருஷத்துல இமயமலைப் பக்கம் ராணிகேத் ஊர்லயும் தட்டுப்பட்டதால நம்ம ஊர்ல அந்தப் பேரே நின்னுடுச்சு. அது வந்தா கழுத்து முறுக்கிக்கும், பச்சையும் வெள்ளையுமா கழியும், நாலு நாள்ல கூண்டே காலி. அதுக்குத் தடுப்பூசி இருக்கு. ஒவ்வொரு பிப்ரவரியும் நம்ம கால்நடைத் துறை ஊர் ஊரா முகாம் போட்டு இலவசமாப் போடுறாங்களே, அது இதுக்குத்தான்.

டாக்டர் கோழி மூக்கை லேசா அமுக்கிப் பார்த்தாரு. நெஞ்சுல காதை வெச்சுக் கேட்டாரு. ''கழிச்சல் இல்லம்மா. இது சி.ஆர்.டி.''ன்னாரு. நாள்பட்ட சுவாச நோய். அப்புறம் என் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி. ''தம்பி, சமீபத்துல புதுசா கோழி ஏதாச்சும் வாங்கிட்டு வந்தீங்களா?''

நான் மேலே ஃபேனைப் பார்த்தேன்.

வில்லன் பேரு மைக்கோபிளாஸ்மா கேலிசெப்டிகம். பாக்டீரியா வகையறாதான். ஆனா மத்த பாக்டீரியாவுக்கு இருக்கிற மாதிரி இதுக்கு செல் சுவர் கிடையாது. பென்சிலின், அமாக்ஸிசிலின் குடும்பத்து மருந்தெல்லாம் அந்தச் சுவரைக் கட்ட விடாம பண்ணித்தான் கிருமியைக் கொல்லும். சுவரே இல்லாத வீட்டை இடிக்க நான் கடப்பாரை தூக்கிட்டுப் போயிருக்கேன்! அஞ்சு நாள் வேஸ்ட்டானது மட்டுமில்ல, கோழி வயித்துல இருந்த மத்த பாக்டீரியாவுக்கெல்லாம் அந்த மாத்திரையைப் பழக்கிவிட்ட பாவமும் எனக்குத்தான்.

இந்தக் கிருமியோட குணத்தைக் கேட்டா ஆடிப் போயிடுவீங்க. அவசரமே படாது. சும்மா போய் மூச்சுக்குழல்ல ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கும். தெம்பான கோழிக்குத் தான் நோயாளின்னே தெரியாது... எங்க சேவல் மாதிரி. குளிர், இட மாற்றம், பட்டினி, மூத்திர நாத்தம், கூடவே ஈ.கோலை மாதிரி இன்னொரு கிருமி... இப்படி ஏதாவது ஒண்ணு சேர்ந்தா அப்போ வேலையைக் காட்டும். தும்மல்ல பரவும், தண்ணிக் கிண்ணத்துல பரவும். எல்லாத்தையும் விட மோசம், தாய்க்கோழியில இருந்து முட்டை வழியா குஞ்சுக்கும் போகும்.

டாக்டர் டைலோசின் எழுதிக் கொடுத்தாரு. கொடுக்கும்போதே சொல்லிட்டாரு. ''சத்தம் நிக்கும். முட்டை திரும்ப வரும். ஆனா நோய் போயிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க. இதுங்க உயிரோட இருக்கிற வரைக்கும் கிருமி உள்ளே இருக்கும்.''

''மருந்து குடுத்தும் போகாதுங்களா?''ன்னு அம்மாயி ரெண்டு தடவை கேட்டுச்சு. போகாதும்மான்னு ரெண்டு தடவையும் பொறுமையா சொன்னாரு. மருந்து கொடுக்கிற நாள்லயும், முடிஞ்சு அவர் சொன்ன நாள் கணக்கு தீர்ற வரைக்கும் முட்டையை விக்கவோ திங்கவோ கூடாது. மருந்து முட்டையில இறங்கும். இது எனக்கு அன்னிக்கு வரைக்கும் தெரியாது. அமாக்ஸிசிலின் கொடுத்த அஞ்சு நாளும் நான் ஆம்லெட் சாப்பிட்டிருந்தேன்!

ஒரு வாரத்துல குறட்டை நின்னுச்சு. நான் அப்பாடான்னு மூச்சு விட்டேன். அம்மாயி விடல.

அன்னிக்கு சாயங்காலம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கிட்டு கிளம்புச்சு. எங்கேன்னு கேட்டேன். சேவல் வந்த பிற்பாடு அடை வெச்சுப் பொரிச்ச குஞ்சுங்களை நாலு வீட்டுக்கு வித்திருந்துச்சு. நாலு வீட்டுப் படியும் ஏறி, ''எம்பட கோழிக்கு இந்த மாதிரி சீக்கு. குஞ்சுக்கும் இருக்கும். உங்க கோழியோட சேத்து வுடாதீங்க''ன்னு சொல்லி, வாங்கின காசைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்துச்சு. ஒரு வீட்டுல ஏற்கெனவே சேர்த்து விட்டுட்டாங்க. அங்கே ரொம்ப நேரம் பேச்சு வாங்குச்சு. நான் வாசல்ல சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். தலையைத் தூக்க முடியல. சேவல் வாங்கினவன் நான். திட்டு வாங்கினது அது.

ஃப்ரெண்ட்ஸ், நாமக்கல் பண்ணைக்காரங்க இந்த நோயை எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு அதுக்கு அப்புறம்தான் கவனிக்க ஆரம்பிச்சேன். சின்ன வயசுல இருந்து பஸ்ல போறப்ப ஜன்னல் வழியா பார்க்கிற ஷெட்டுதான். அதுல இவ்வளவு மேட்டர் இருக்கும்னு தெரியாது. நீளவாக்கு கிழக்கு-மேற்கா இருக்கும்... வெயில் நேரா உள்ளே விழாது. ரெண்டு பக்கமும் சுவரில்லாம வலைதான். கூண்டு உசரத்துல, எச்சம் கீழே. குறுக்கே காத்து அடிச்சுக்கிட்டே இருக்கணும். எச்சத்துல இருந்து கிளம்புற அமோனியா மூச்சுக்குழல்ல இருக்கிற நுண்ணிய ரோமங்களை முடமாக்கிடும். தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளுற துடைப்பம் அந்த ரோமம்தான். துடைப்பம் போச்சுன்னா மைக்கோபிளாஸ்மாவுக்குக் கொண்டாட்டம். காத்துல அமோனியா 25 பிபிஎம்-ஐ தாண்ட விடாதேங்கிறது பண்ணைக் கணக்கு. மார்கழிக் குளிருல கொல்லிமலைக் காத்துக்குப் பயந்து படுதாவை முழுசா இறக்கி விட்டா, குளிருல இருந்து தப்பிச்ச கோழி அமோனியாவுல மாட்டும். அதனால மேலே கொஞ்சம் சந்து விட்டு இறக்குவாங்க. நம்ம டிபார்ட்மென்ட்ல ஒரு செமஸ்டர் முழுக்க நடத்துற வென்ட்டிலேஷனை, படிக்காத ஒரு அண்ணன் கயித்தை ரெண்டு முழம் தளர்த்தி முடிச்சிடுறாரு!

குஞ்சு வாங்கும்போதே தாய்க்கோழிக்கு இந்தக் கிருமி இருக்கான்னு ரத்தப் பரிசோதனை பார்த்த இடத்துலதான் வாங்கணும்பாங்க. ஒரு ஷெட்டுல ஒரே வயசுக் கோழிங்கதான் இருக்கணும். வயசான கும்பல் மொத்தமா வெளியேறி, ஷெட்டைக் கழுவி, காயப் போட்டு, அப்புறம்தான் அடுத்த கும்பல் உள்ளே வரணும்பாங்க. வாசல்ல கிருமிநாசினித் தொட்டி. லாரி டயருக்கு ஸ்ப்ரே. 'அந்நியர் உள்ளே வரக்கூடாது' போர்டு. 2006 பிப்ரவரியில மகாராஷ்டிராவுல நவாப்பூர்ல பறவைக் காய்ச்சல் வந்தப்ப, 2021 ஜனவரியில கேரளாவுல வாத்துகளுக்கு வந்தப்ப எல்லாம் இந்த ஸ்ப்ரேயைத்தான் டி.வி.யில காட்டுவாங்க. அது வேற நோய், பயங்கரமான வைரஸ். ஆனா வாசலை அடைக்கிற வித்தை ஒண்ணேதான்.

எல்லாரும் இப்படிக் கரெக்டா இருக்காங்கன்னு நான் சர்டிஃபிகேட் கொடுக்கல. மருந்தைத் தீவனத்துலயே கலந்து ஓட்டிடலாம்னு நினைக்கிற ஆளுங்க எல்லா ஊர்லயும் உண்டு. மனுஷனுக்குக் கடைசி நேரத்துல கொடுக்குற கோலிஸ்டின் மருந்தைக் கோழிக்கும் மத்த கால்நடைக்கும் கொடுக்கக் கூடாதுன்னு 2019-ல மத்திய அரசு தடை போட்டதே, சும்மா இல்ல.

கோழி நோய் பண்ணையோட நிக்கும்னும் நினைக்காதீங்க. 1994-ல அமெரிக்காவுல வாஷிங்டன் பக்கத்து வீட்டுத் தோட்டங்கள்ல ஹவுஸ் ஃபின்ச்னு ஒரு குருவி கண்ணு வீங்கி, பார்வை போய் உட்கார்ந்திருந்துச்சு. பார்த்தா நம்ம அதே கேலிசெப்டிகம்! கோழிகிட்ட இருந்து குருவிக்குத் தாவியிருக்கு. ஜனங்க பாசமா தொங்கவிட்ட தீனி டப்பாவுல எல்லாக் குருவியும் ஒரே ஓட்டையில தலையை விட்டதால நோய் வேகமாப் பரவுச்சு. சில வருஷத்துல கிழக்கு அமெரிக்கா முழுக்கப் போய், பல இடங்கள்ல அந்தக் குருவிங்க பாதியாக் குறைஞ்சு போச்சு. ஆசையா தீனி வெச்சவங்க மேல கோபப்பட முடியுமா சொல்லுங்க? எனக்கு முடியாது. நானும் ஆசையாத்தான் சேவல் வாங்கினேன்.

சரி, ஆம்பியர்கிட்ட வருவோம்.

மாடல் எக்ஸாமை எழுதின மாதிரி எழுதிட்டு, ஷூ டப்பாவுல ஓட்டை போட்டு ஆம்பியரை வெச்சுக்கிட்டு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு பஸ் ஏறினோம். 1985-ல ஆரம்பிச்ச காலேஜ். அங்கேயே ஆஸ்பத்திரியும் இருக்கு. வரிசையில எங்களுக்கு முன்னாடி ஒரு லாப்ரடார், ரெண்டு வெள்ளாடு, கயித்தோட ஒரு கன்னுக்குட்டி. ''தம்பி, டப்பாவுல என்ன?''ன்னாரு ஆட்டுக்காரரு. ''எலிங்க.'' ''புடிச்சதா?'' ''வளர்க்கிறதுங்க.'' அவர் ஆட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினாரு.

டாக்டர் சிரிக்கவே இல்ல. டப்பாவைத் திறந்து, கையில எடுத்து, ஸ்டெத் வெச்சுப் பார்த்தாரு. அந்தச் செவப்பு ரத்தம் இல்லையாம். எலிக்குக் கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற ஒரு சுரப்பியில இருந்து பார்ஃபைரின்னு செவப்பு நிறத்துல நீர் வரும். உடம்பு முடியலைன்னா அதைத் துடைச்சுக்காம விட்டுடும். ஜூனியருக்குப் போன உயிர் திரும்ப வந்துச்சு. அடுத்த வார்த்தையில மறுபடி போச்சு. ''மைக்கோபிளாஸ்மா மாதிரி இருக்கு''ன்னாரு.

கோழிக்கு கேலிசெப்டிகம்னா எலிக்கு மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ். ஒரே குடும்பம், அதே குணம். வளர்ப்பு எலிங்க நிறையவே குட்டியிலயே தாய்கிட்ட இருந்து இதை வாங்கிட்டு வந்து வெளியே காட்டிக்காம இருக்கும். அப்புறம் அந்தக் கேள்வி. ''தம்பி, புதுசா எலி ஏதாச்சும் வாங்கினீங்களா?''

ஜூனியர் மேலே ஃபேனைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு.

ஆம்பியர், வோல்ட்கிட்ட முன்னாடியே கிருமி இருந்து, புது ஆள் வந்த டென்ஷன்ல கிளம்பியிருக்கலாம். ஓம் கொண்டு வந்திருக்கலாம். எதுன்னு இனிமே கண்டுபிடிச்சும் பிரயோஜனமில்ல. டாக்ஸிசைக்ளின், எடை போட்டுப் பார்த்து அளந்து கொடுத்தாரு. ஜூனியர், ''பால்ல கலந்து கொடுக்கட்டுமா சார்?''ன்னு கேட்டான். கூடவே கூடாதாம். பால்ல இருக்கிற கால்சியம் இந்த மருந்தைப் பிடிச்சு வெச்சுக்கும், உடம்புல சேர விடாது. வாழைப்பழத்துல துளியூண்டு தடவிக் கொடுன்னாரு. தண்ணியில கலந்தா நோயாளி எலி எவ்வளவு குடிக்கும்னு கணக்கே தெரியாது. ரெண்டே நாள்ல தேறிடுச்சேன்னு நடுவுல நிறுத்தினா திரும்ப வரும். என்னை மாதிரி மெடிக்கல் ஷாப் டாக்டருங்க கவனிக்க: கால் கிலோ எலிக்கு உங்க காய்ச்சல் மாத்திரையை உடைச்சுப் போட்டுடாதீங்க.

ரூமுக்கு வந்ததும் நான் நாமக்கல்காரன் அவதாரம் எடுத்தேன். முதல்ல மண்டி போட்டு, கூண்டு தரையில எலி மூக்கு இருக்கிற உசரத்துல என் மூக்கை வெச்சேன். கண்ணு எரிஞ்சுது! நின்னுக்கிட்டு மோந்து பார்த்தா ஒண்ணுமே தெரியல. எலி வாழுறது அங்கே இல்லையே. எலிக்கு வாயால மூச்சு விட வராது. மூக்கு ஒண்ணுதான் வழி. அதுல அமோனியாவை ஏத்தினா பாவம் என்ன பண்ணும்? நீங்களும் எந்தப் பிராணி வளர்த்தாலும் இந்த மண்டி போடுற டெஸ்ட்டைப் பண்ணிப் பாருங்க. இதுக்கு மீட்டரெல்லாம் வாங்க வேணாம்.

கூண்டுல இருந்த மரத்தூளை அள்ளிக் கொட்டினோம். தூசியும் பைன் மர வாசனையும் நுரையீரலுக்கு ஆகாது. அதுக்குப் பதிலா மசி போகக் காய்ஞ்ச பழைய அசைன்மென்ட் பேப்பரைக் கிழிச்சுப் போட்டோம். (என் லேப் ரெக்கார்டு முதல் தடவையா ஒரு உயிருக்கு உபயோகப்பட்டுச்சு.) ரெண்டு நாளுக்கு ஒருக்கா மாத்தணும். கண்ணாடித் தொட்டியா இருந்தா காத்து உள்ளேயே தேங்கும், நல்லவேளை இவன் வெச்சிருந்தது கம்பிக் கூண்டு. ஆனா ஷெல்ஃபுக்குள்ள, துணிக்குப் பின்னாடி வெச்சா கம்பி இருந்து என்ன புண்ணியம்? வெளியே எடுத்து, ஜன்னலுக்கு நேரா இல்லாம சைடுல வெச்சோம். கொசுவத்திச் சுருள் கட். பாடி ஸ்ப்ரே கட். ஊதுபத்தி கட். ரூம்மேட் சிகரெட்டை மாடிக்குக் கொண்டு போனான். அதுல அவனுக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். மெஸ் எலிங்க ராத்திரி கூண்டுகிட்ட வராம ஜன்னலுக்கு வலை அடிச்சோம். அதுங்க எலிக்காய்ச்சல் கிருமியை மூத்திரத்துல சுமந்துக்கிட்டுத் திரியும். அது நமக்கே ஆபத்து. எலியோட மைக்கோபிளாஸ்மா மனுஷனுக்கு நோய் தர்றதில்ல, அந்த விஷயத்துல நிம்மதி.

இனி கஷ்டமான கேள்வி. ஓமை என்ன பண்றது? அது எங்க செவலைச் சேவல் மாதிரி கொழுகொழுன்னு ஓடிக்கிட்டு இருந்துச்சு.

''கடையிலயே திருப்பிக் கொடுத்துடட்டுமாண்ணா?''ன்னான். கொடுத்தா அங்கே இருக்கிற அத்தனை எலிக்கும் போகும். அங்கே இருந்து அத்தனை வீட்டுக்கும் போகும். ''கிரவுண்டுல விட்டுடலாமா?'' வெள்ளை எலி வெளியில ஒரு ராத்திரி தாங்காது. அப்போதான் அவனுக்கு அம்மாயி கதையை முழுசா சொன்னேன்.

அம்மாயி அன்னிக்கு எடுத்த முடிவு எனக்கு இன்னும் ஆச்சரியம். மருந்து நாள் கணக்கு முடிஞ்சதும், சேவல்ல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா கறிக்கு மட்டும் கொடுத்துச்சு. கறியால இந்த நோய் யாருக்கும் வராதுன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான். ''வளக்கறதுக்கு மட்டும் கேக்காதீங்க''ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுச்சு. கூண்டை உரசிக் கழுவி, சுண்ணாம்பு அடிச்சு, வெயில்ல காயப் போட்டா இந்தக் கிருமி சீக்கிரம் செத்துடும். கோழி உடம்பு இல்லாம அதால ரொம்ப நாள் தாக்குப் பிடிக்க முடியாது. ஒரு மாசம் கழிச்சு புதுக் குஞ்சு இறக்கியிருந்தா சீட்டுப் பணம் வழக்கம் போல வந்திருக்கும்.

ஆனா கருப்பின்னு ஒரு கிழட்டுக் கோழி. அதுக்கு அம்மாயி குரல் கேட்டா போதும், அடுப்படி வரைக்கும் வந்துடும். அதைக் கொடுக்க மனசு வரல. கருப்பி இருந்தா புதுக் குஞ்சு இறக்க முடியாது. குஞ்சு வேணும்னா கருப்பி இருக்கக் கூடாது. டாக்டர் ரெண்டு வழியையும் சொல்லிட்டு, ''உங்க இஷ்டம்மா''ன்னுட்டாரு. அம்மாயி கருப்பியை வெச்சுக்கிச்சு. ஒண்ணே முக்கால் வருஷம், கருப்பி தானாப் போற வரைக்கும், அந்த வீட்டுக்குள்ள இன்னொரு கோழி வரல. சீட்டை விட்டுடுச்சு. வெத்தலையைக் குறைச்சுக்கிச்சு. நான் காசு கொடுத்தா, ''படிக்கிற பையன் கிட்ட நான் வாங்குவனா?''ன்னு திருப்பிக் கொடுக்கும். மார்கழி வந்தா கருப்பிக்கு மறுபடி கொறட்டை வரும். கூண்டுல கோணிச் சாக்கைக் கட்டி, மேலே ஒரு சாண் சந்து விடும்.

ஜூனியர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், ''மூணும் என்கிட்டயே இருக்கட்டும்ணா. நாலாவது வேண்டாம்''னான்.

அதுதான் ஒரே வழி. மூணும் ஒரே காத்தைத்தான் மூச்சு விட்டிருக்கு, இனி பிரிச்சா ஏக்கத்துலயே உடம்பு கெடும். எலிக்கு ஆயுசு ரெண்டு, மூணு வருஷம். அது வரைக்கும் கதவை மூடி வெச்சுக்கிட்டு சுத்தமா பார்த்துக்கறது. குட்டி போட விடக் கூடாது (மூணும் ஆம்பளப் பசங்க, தப்பிச்சோம்). புதுசா வாங்கியே தீரணும்கிறவங்க வேற ரூம்ல, முடிஞ்சா வேற கட்டடத்துல மூணு வாரம் தனியா வெச்சுப் பாருங்க. பழசைக் கவனிச்சுட்டு புதுசுகிட்ட போனா கையைக் கழுவி, சட்டையை மாத்திட்டுப் போங்க. மூணு வாரத்துல வைரஸ் சளி மாதிரி சமாச்சாரங்க வெளியே தெரிஞ்சிடும். மைக்கோபிளாஸ்மா தெரியும்னு சொல்ல முடியாது. சேவல் கூவிக்கிட்டேதான் இருந்துச்சு.

ஆம்பியர் இப்போ தேவலாம். முழுசா இல்ல. மழை பெஞ்ச ராத்திரியில 'டிக் டிக்' கேக்குது. அப்பப்போ எடை குறையுதான்னு மெஸ்ல இரவல் வாங்கின தராசுல நிறுத்து, கேலண்டர்ல எழுதி வெக்கிறான். அவன் இன்டர்னல் மார்க்கைக்கூட இவ்வளவு ஒழுங்கா குறிச்சு நான் பார்த்ததில்ல. மூச்சுக்குத் திணறி வாயைத் திறந்துச்சுன்னா யோசிக்காம தூக்கிட்டு வான்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதுக்காக பஸ் காசைத் தனியா டப்பாவுல போட்டு வெச்சிருக்கான்.

போன வாரம் எதிர் ரூம் பையன் ஒருத்தன், லீவுக்கு ஊருக்குப் போறேன், என் எலியை உன்கிட்ட விட்டுட்டுப் போறேன்னு டப்பாவோட வந்திருக்கான். ஜூனியர் அவனை வாசல்லயே நிறுத்தி, பத்து நிமிஷம் மைக்கோபிளாஸ்மா லெக்சர் எடுத்து அனுப்பிட்டான். அதோட விட்டிருக்கலாம். எங்க ஊர்ப் பண்ணை போர்டு கதையைக் கேட்டதுல இருந்து அவனுக்கு அது மேல ஒரு கண்ணு. சார்ட் பேப்பர்ல ஸ்கெட்ச் பேனாவால கொட்டை எழுத்துல எழுதி, கதவுக்கு வெளியே ஒட்டிட்டான்: 'புது எலிகளுக்கு அனுமதி இல்லை'.

மறுநாள் ரவுண்ட்ஸ் வந்த வார்டன் அந்தக் கதவு முன்னாடி நின்னு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு ரெண்டு தடவை படிச்சாரு.

''அப்போ பழைய எலிங்க எத்தனை தம்பி?''